சாமி ஏறும் முன் ஒரு வெள்ளோட்டம்

மருந்தகத்தில் ராத்திரி டியூட்டியில் இருந்த அக்கா பத்தரை மணிக்கு ஒரு புகார் பதிவு செய்திருந்தார். மருந்து வைக்கும் ஃபிரிட்ஜ் எட்டு டிகிரியைத் தாண்டிப் பன்னிரண்டு காட்டுகிறது, ஆள் அனுப்புங்கள் என்று. இன்சுலினும் தடுப்பூசிகளும் இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டியவை. பன்னிரண்டு மணிக்கு அவர் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி போனது: "உங்கள் புகார் தீர்க்கப்பட்டு முடித்துவைக்கப்பட்டது." அப்பாடா என்று அவர் மற்ற வேலையைப் பார்க்கப் போய்விட்டார். விடிந்து ஷிப்ட் முடியும் நேரத்தில் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தபோது உள்ளே இருந்த பெட்டிகளில் குளிர்ச்சியே இல்லை. அத்தனையும் குப்பைக்குப் போயின.

நான் அன்னூர் பஸ் நிலையத்தில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். அவரிடமிருந்து போன் வந்தது. குரலில் கோபம் இல்லை, குழப்பம்தான். "முடிஞ்சிருச்சுன்னு மெசேஜ் வந்துச்சே அம்மணி, யாரு வந்து பாத்தாங்க?"

யாரும் வந்து பார்க்கவில்லை. முடித்துவைத்தது நான் எழுதிய ஒரு வரி.

கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சர்வீஸ் டெஸ்க் மென்பொருளைப் பராமரிக்கும் வேலையில் அப்போது இருந்தேன். பிரிண்டர் ஓடவில்லை, லிப்ட் நின்றுவிட்டது, லேப் ரிப்போர்ட் கணினியில் திறக்கவில்லை, ஏசியில் தண்ணீர் சொட்டுகிறது என்று நர்ஸ், டாக்டர், கேண்டீன்காரர் யார் எதைச் சொன்னாலும் அது ஒரு டிக்கெட்டாகப் பதிவாகும். எந்த டிக்கெட் யாருக்குப் போக வேண்டும், எத்தனை நிமிடத்தில் பதில் வர வேண்டும், வராவிட்டால் யாருடைய மேலதிகாரிக்குத் தகவல் போக வேண்டும், எப்போது மூட வேண்டும் என்பதையெல்லாம் ரூல்களாக எழுதி வைத்திருப்போம். அந்த ரூல்களை எழுதுவதும் மாற்றுவதும்தான் என் வேலை.

மூடும் ரூலில் அதுவரை இரண்டு நிபந்தனைகள் இருந்தன. வேலை பார்த்தவர் 'சரிசெய்தாயிற்று' என்று குறித்திருக்க வேண்டும், மற்றும் புகார் கொடுத்தவர் மூன்று நாள் பதில் சொல்லாமல் இருந்திருக்க வேண்டும். அவசரப் புகார்கள் இப்படித் தானாக மூடிக்கொள்ளக் கூடாது, ஆள் கேட்டுத்தான் மூட வேண்டும் என்று ஒரு கூட்டத்தில் பேச்சு வந்தது. நல்ல யோசனை. அன்று சாயங்காலமே மூன்றாவது நிபந்தனையாக 'அவசரம் அல்லாதது' என்பதைச் சேர்த்தேன். சேர்க்கும்போது 'மற்றும்' என்று இருந்த இடம் 'அல்லது' என்று மாறிக்கொண்டதை நான் கவனிக்கவில்லை. மூன்றில் எது ஒன்று பொருந்தினாலும் மூடு என்று ஆகிவிட்டது. பன்னிரண்டு மணிக்கு ரூல் ஓடியது. அவசரம் என்று குறிக்கப்படாத எல்லாப் புகாரும், முந்நூற்றுச் சொச்சம், ஒரே மூச்சில் மூடிக்கொண்டன. ஃபிரிட்ஜ் புகாரும் 'சாதாரணம்' என்றுதான் பதிவாகியிருந்தது. தரமான மென்பொருள், நல்ல நோக்கம், ஒரே ஒரு சொல்.

பத்துப் போலிப் புகார்களை ஒரு சாண்ட்பாக்ஸில் போட்டு அந்த ரூலை ஓட்டிப் பார்த்திருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். எங்களிடம் சாண்ட்பாக்ஸ் இல்லை. நேரே லைவில் கை வைத்தேன். அன்றிலிருந்து இதைப் பற்றிக் கேட்கிறவர்களிடமும் கேட்காதவர்களிடமும் பேசிக்கொண்டிருக்கிறேன், இப்போது உங்களிடம்.

சாண்ட்பாக்ஸ் என்றால் குழந்தைகள் விளையாடும் மணல்தொட்டி. வார்த்தை வெளியூர்தான், விஷயம் நமக்குப் பழக்கமானது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எடுத்த எடுப்பில் ஓலையில் எழுதவில்லை. மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகினார்கள். தப்பினால் உள்ளங்கையால் தடவிவிடலாம். ஓலையில் எழுத்தாணி கீறினால் கீறினதுதான். மென்பொருளில் சாண்ட்பாக்ஸ் என்பதும் இந்த மணல்தான். ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பைப் போலவே இன்னொன்று. அதே ரூல்கள், அதே படிவங்கள், அதே பிரிவுகள். ஆனால் அதில் எதை மாற்றினாலும் உண்மையான நர்ஸுக்கும் உண்மையான நோயாளிக்கும் ஒன்றும் ஆகாது. சரியாக வந்தால் அந்த மாற்றத்தை லைவுக்கு ஏற்றலாம். தப்பாக வந்தால் தடவிவிடலாம்.

சர்வீஸ் டெஸ்க் மென்பொருள் தொழிலில் உலகமே பார்க்கும் இடத்தில் இருப்பது நம் மாநிலம். 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி 2009-ல் ஸோஹோ ஆன நிறுவனத்தின் மேனேஜ்எஞ்சின் பிரிவு தருவது சர்வீஸ்டெஸ்க் பிளஸ். அங்கே வேலை பார்த்த கிரிஷ் மாத்ருபூதம் வெளியே வந்து, ஷான் கிருஷ்ணசாமியோடு சேர்ந்து 2010-ல் சென்னையில் தொடங்கியது ஃபிரெஷ்டெஸ்க். அது ஃபிரெஷ்வொர்க்ஸ் என்று வளர்ந்து 2021 செப்டம்பரில் நாஸ்டாக் பங்குச் சந்தையில் ஏறியது. ஃபிரெஷ்வொர்க்ஸின் ஃபிரெஷ்சர்வீஸ், ஸோஹோவின் சர்வீஸ்டெஸ்க் பிளஸ் இரண்டிலும் சாண்ட்பாக்ஸ் வசதி உண்டு. செய்கிறவர்கள் நம் பிள்ளைகள். ஆனால் நம் ஊர் நடுத்தர நிறுவனங்களில் அந்த வசதியைத் திறந்து பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால், நான் பழகிய வட்டத்தில் ஒரு கை விரல்கூட நிறையாது.

அதற்கு ஒரு காரணம் விலை. இந்தத் தொழிலில் உள்ள பல நிறுவனங்கள் சாண்ட்பாக்ஸை விலை கூடிய திட்டங்களில்தான் வைத்திருக்கின்றன. இதை நான் ஏற்கவில்லை. அழகான டாஷ்போர்டுக்குக் கூடுதல் காசு வாங்கட்டும், செயற்கை நுண்ணறிவு பதில் சொல்வதற்கு வாங்கட்டும். சீட் பெல்ட்டை உயர் ரகக் காரில் மட்டும் மாட்டுவது எப்படிச் சரியாகும்? பத்துப் பேர் மட்டும் இந்த மென்பொருளைப் பயன்படுத்தும் சின்ன ஆஸ்பத்திரியில் இருக்கும் ஃபிரிட்ஜுக்குள்ளும் இன்சுலின்தான் இருக்கிறது.

பெரிய நிறுவனங்களுக்கு இது நேராது என்று யாராவது நினைத்தால், 2022 ஏப்ரல் 5-ஆம் தேதியை அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். ஜிரா சர்வீஸ் மேனேஜ்மென்ட் என்ற சர்வீஸ் டெஸ்க் மென்பொருளைத் தரும் அட்லாசியன் நிறுவனத்தில், பழைய துணைச் செயலி ஒன்றை வாடிக்கையாளர்களின் தளங்களிலிருந்து நீக்க ஒரு ஸ்கிரிப்ட் ஓட்டினார்கள். கேட்ட குழுவுக்கும் ஓட்டிய குழுவுக்கும் இடையில் தகவல் பிசகிவிட்டது. செயலியின் அடையாள எண்களைக் கொடுப்பதற்குப் பதிலாக, அந்தச் செயலி இருந்த முழுத் தளங்களின் அடையாள எண்கள் கைமாறின. ஸ்கிரிப்ட் எதிர்க்கேள்வி கேட்கவில்லை. இருபத்து மூன்று நிமிடத்தில் 775 வாடிக்கையாளர்களின் 883 தளங்கள் அழிந்தன. எல்லோருக்கும் திரும்பக் கிடைக்க ஏப்ரல் 18 ஆனது. அழிந்ததில் வாடிக்கையாளர்களின் தொடர்பு விவரங்களும் இருந்ததால், "என் தளத்தைக் காணோம்" என்று வழக்கமான வழியில் புகார் கொடுக்கக்கூட அவர்களில் பலரால் முடியவில்லை.

இந்த விபத்தில் என்னை அதிகம் உறுத்துவது வேறு ஒரு விவரம். அவர்கள் ஒத்திகை பார்க்காமல் இல்லை. அதே ஸ்கிரிப்டை அதற்கு முன்பு லைவிலேயே முப்பது தளங்களில் மட்டும் ஓட்டி, எல்லாம் சரியாக இருக்கிறது என்று பார்த்திருக்கிறார்கள். அந்த முப்பதுக்குக் கொடுத்த எண்கள் சரியான எண்கள். அடுத்து 883 தளங்களில் ஓட்டும்போது கொடுத்த பட்டியல் வேறு. அவர்களே வெளியிட்ட அறிக்கையில் இதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். ஒத்திகையில் ஓடியதும் பிறகு முழுதாக ஓடியதும் ஒன்றாக இல்லையென்றால் அந்த ஒத்திகையால் என்ன பயன்?

எங்கள் ஊர் அன்னூர் மன்னீஸ்வரர் கோயிலுக்கு மார்கழியில் தேர்த் திருவிழா. சின்ன வயதில் எனக்குத் தேரோட்டத்தை விட வெள்ளோட்டம் பற்றிக் கேட்பதில்தான் ஆசை. எந்த ஊரானாலும் புதுத் தேர் செய்தாலோ, பழைய தேருக்குச் சக்கரமும் அச்சும் மாற்றினாலோ, சாமியை ஏற்றுவதற்கு முன்னால் ஒரு தடவை தேரை வெறுமனே இழுத்துப் பார்ப்பார்கள். எங்கள் தாத்தா தேருக்கு முட்டுக்கட்டை போடும் ஆட்களில் ஒருவராக இருந்தவர். சக்கரத்துக்கு முன்னால் குனிந்து, உருண்டு வரும் அந்த மரச்சக்கரத்துக்கு ஒரு சாண் இடைவெளியில் கட்டையை வைத்துக் கையை இழுத்துக்கொள்ள வேண்டிய வேலை. அவர் சொல்லுவார்: "வெள்ளோட்டத்துல சாமி மட்டுந்தான் கண்ணு இருக்காது. மத்ததெல்லாம் இருக்கோணும். அதே வடம், அதே வீதி, அதே ஆளுக."

அதே வீதி என்பதை அவர் அழுத்திச் சொல்லுவார். மைதானத்தில் இழுத்துப் பார்த்தால் சக்கரம் உருளுகிறதா என்பது மட்டும்தான் தெரியும். முக்கில் திரும்பும்போது அச்சு முனகுகிறதா, மின்கம்பி தேரின் உச்சியில் உரசுமா, சரிவில் இறங்கும்போது கட்டை நிறுத்துமா என்பது வீதியில் இழுத்தால்தான் தெரியும். வடம் பிடிப்பவர்களுக்கும் அன்றுதான் ஒருவர் வேகம் ஒருவருக்குப் பழகும்.

இதைத்தான் சாண்ட்பாக்ஸ் வைத்திருக்கிற நிறுவனங்களிடமும் சொல்கிறேன். வாங்கிய நாளில் ஒரு தடவை லைவைப் பார்த்து நகல் எடுத்துவிட்டு, ஒரு வருடம் கழித்து அந்தப் பழைய நகலில் புது ரூலைச் சோதித்தால், இல்லாத வீதியில் தேர் இழுத்த கதைதான். நடுவில் லைவில் முப்பது மாற்றம் நடந்திருக்கும். ஒவ்வொரு சோதனைக்கு முன்னாலும் நகலைப் புதுப்பிக்க வேண்டும். சோதிப்பவர் ரூலை எழுதிய ஆளாகவே இருக்கவும் கூடாது. எழுதியவனுக்கு எங்கே அடி வைத்தால் சறுக்காது என்று தெரியும், அங்கேயேதான் வைப்பான்.

"சின்ன மாத்தம்தானே, இதுக்கு எதுக்கு மூணு நாள் ஒத்திகை?" இந்தக் கேள்வி என் காதில் விழாத அலுவலகம் இல்லை. கேட்பவர்கள் கெட்டவர்கள் அல்ல. மூன்று பேர் இருக்கும் குழுவில் ஒருவர் லீவு, ஒருவர் வேறு கிளையில், மிச்சம் ஒருவர் தலையில் எல்லாம். அவர்களுடைய நெருக்கடி எனக்குத் தெரியும், நானும் அந்த ஒருவராக இருந்தவள். ஆனால் சின்ன மாற்றம் என்பதை யார் அளக்கிறார்கள்? நான் செய்தது ஒரு சொல். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பியதும் அன்றாடம் போகிற மாதிரியான ஒரு சின்னக் கோப்புதான். இந்திய நேரம் காலை 9.39-க்குப் போனது. மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். ஒன்றேகால் மணி நேரம் கழித்துக் கோப்பைத் திரும்பப் பெற்றும், அதற்குள் விழுந்த கணினிகளை ஒவ்வொன்றாகத்தான் எழுப்ப வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் அன்று எங்கள் டெஸ்க்கில் போன் வைக்கக்கூட இடைவெளி இல்லை.

மூன்று நாள்கூட வேண்டியதில்லை. மாற்றத்தின் அளவைப் பார்க்காமல் அது தொடும் இடத்தைப் பார்த்தால் போதும். படிவத்தில் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்துவதற்கு ஒத்திகை வேண்டாம். தானாக மூடுவது, தானாக அனுப்புவது, தானாக அழிப்பது, ஆள் மாற்றி ஒதுக்குவது ஆகியவற்றைத் தொடும் எதுவும், ஒரே எழுத்தானாலும், மணலில் எழுதிப் பார்க்காமல் ஓலைக்குப் போகக் கூடாது.

இன்னொரு தவறும் செய்திருக்கிறேன். அடுத்து வேலைக்குப் போன இடத்தில் சாண்ட்பாக்ஸ் கிடைத்தது. சந்தோஷத்தில் லைவில் இருந்த ஆட்களின் விவரங்களையும் அப்படியே உள்ளே ஏற்றிவிட்டோம். "ஆபரேஷன் தியேட்டர் மின்சாரம் இன்று இரவு நிறுத்தம்" என்று ஒரு சோதனைப் புகார் போட்டேன். சாண்ட்பாக்ஸ் தன் வேலையைச் சரியாகச் செய்தது. உண்மையான டாக்டர்களின் உண்மையான மெயிலுக்குத் தகவல் அனுப்பியது. ஐந்து நிமிடத்தில் இரண்டு டாக்டர்கள் கீழே இறங்கி வந்துவிட்டார்கள். அன்றிலிருந்து சாண்ட்பாக்ஸைத் திறந்ததும் நான் முதலில் செய்வது, வெளியே போகும் மெயிலையும் குறுஞ்செய்தியையும் அடைப்பது. அடுத்தது, பெயர், போன் நம்பர், நோய் விவரம் எல்லாவற்றையும் பொய்யானதாக மாற்றுவது. சோதனை இடம்தானே என்று அங்கே பூட்டும் தளர்வாக இருக்கும், யார் யாருக்கோ பாஸ்வேர்டு கொடுத்திருப்போம். 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அதிகபட்ச அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகிறது. அபராதம் இல்லாவிட்டாலும் ஒரு நோயாளியின் விவரம் ஒத்திகைக்கான பொருள் அல்ல.

அரசாங்கத்துக்கு இதெல்லாம் புதிதல்ல. ஜிஎஸ்டி மின் விலைப்பட்டியல் வந்தபோது தேசிய தகவலியல் மையம் அதற்கென்று ஒரு சாண்ட்பாக்ஸ் தளத்தையே திறந்து வைத்தது. 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் விற்றுவரவு உள்ளவர்களுக்கு என்று தொடங்கி, படிப்படியாக இறக்கி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கெல்லாம் கட்டாயமாக்கினார்கள். எங்கள் சித்தப்பா ஒரு நூற்பாலையில் கணக்குப் பார்க்கிறார். ஆலை மென்பொருளிலிருந்து போலி பில் போட்டு அனுப்பி, எண் வருகிறதா, பின்கோடு தப்பானால் என்ன பிழை காட்டுகிறது என்று அந்தத் தளத்தில் ஒரு வாரம் பார்த்த பிறகுதான் அவர்கள் உண்மையான பில்லுக்குப் போனார்கள். வரி வசூலிக்க இத்தனை கவனம் எடுக்க முடிகிற அரசுக்கு, குறை கேட்கும் இடத்திலும் அதே கவனம் வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறது.

மின் தடைக்குக் கூப்பிடும் மின்னகம் 2021 ஜூனில் தொடங்கியது. 94987 94987 என்ற எண் எங்கள் வீட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறது. முதல்வரின் உதவி மையத்துக்கு 1100. பெயர் வேறானாலும் இவையும் சர்வீஸ் டெஸ்க்தான். அங்கும் டிக்கெட் உண்டு, பிரிவு உண்டு, தானாக ஒதுக்குவதும் மூடுவதும் உண்டு. கூப்பிடுகிறவர் தோட்டத்தில் மோட்டார் ஓடாமல் நிற்கும் விவசாயி. ஓய்வூதியம் வராத பாட்டி. இந்த மையங்களின் மென்பொருளில் மாற்றம் செய்ய டெண்டர் விடும்போது ஒத்திகைத் தளம் ஒரு நிபந்தனையாக இருக்க வேண்டும். அதற்கான நாளும் பணமும் ஒப்பந்தத்தில் தனியாக எழுதப்பட வேண்டும். தனியாக எழுதாவிட்டால் தேதி நெருங்கும்போது முதலில் வெட்டுப்படுவது அதுதான். பத்து ஒயர்மேன்களையும் பத்துக் கிராமத்து ஆட்களையும் கூப்பிட்டு, திரைக்கு முன்னால் உட்காரவைத்துப் பார்க்க வேண்டும். செலவு ஒரு திறப்பு விழாப் பந்தலைத் தாண்டாது.

எங்கள் மண்ணில் இதற்குச் சாட்சி இருக்கிறது. அறுபது வருடத்துக்கு மேல் கேட்டுக் கேட்டு வந்த அத்திக்கடவு-அவிநாசித் திட்டம். காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே போகும் உபரி நீரில் 1.5 டிஎம்சியை ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக மேலே தள்ளி 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுவர வேண்டும். ஆறாவது நிலையம் அன்னூரில். திறப்பு விழா நடந்தது 2024 ஆகஸ்ட் 17. வெள்ளோட்டம் 2023-லேயே தொடங்கிவிட்டது. எப்போது திறப்பீர்கள் என்று எங்கள் ஆட்கள் சலித்துக்கொண்டதும் உண்மை. ஆனால் தண்ணீரை விட்டுப் பார்த்ததால்தான் குழாய் கசியும் இடம் தெரிந்து அடைக்க முடிந்தது. பூமிக்கடியில் கிடக்கும் குழாயை வரைபடத்தைப் பார்த்து யாரும் சோதிக்க முடியாது.

இப்போது வேலை பார்க்கும் இடத்தில் செவ்வாய்க்கிழமைகளில் ஒரு மணி நேரம் வெள்ளோட்டம் வைத்திருக்கிறோம். ராத்திரி டியூட்டிக்கு வருகிறவர்களில் ஒருவரை அரை மணி முன்னால் வரச் சொல்லி, சாண்ட்பாக்ஸைத் திறந்து கொடுத்து, நாங்கள் பேசாமல் பின்னால் நிற்கிறோம். போன வாரம் சோதித்தது குளிர்பதன ரூல். டெம்பரேச்சர், கூலிங், டிகிரி என்ற சொற்களில் ஏதாவது ஒன்று புகாரில் வந்தால் அதுவே 'அவசரம்' என்று மாறி, ஐந்து நிமிடத்தில் ஆள் போக வேண்டும். நாங்கள் இருபது விதமாக எழுதிப் பார்த்து, இருபதும் சரியாக வந்திருந்தது.

வந்த நர்ஸ் புளியம்பட்டிப் பக்கத்துப் பெண், வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது. உட்கார்ந்தார். யோசிக்காமல் தட்டினார்: "ஃபிரிட்ஜ் சில்லுனு இல்லீங்க."

புகார் 'சாதாரணம்' என்று விழுந்தது.

அந்த ரூல் இன்னும் சாண்ட்பாக்ஸில்தான் இருக்கிறது. 'சில்லு' சேர்த்தாயிற்று. மருந்து வைக்கும் இடத்திலிருந்து எந்த வார்த்தையில் புகார் வந்தாலும் அவசரமாகவே எடுத்துக்கொள்ளலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். வரும் செவ்வாய் வேறொருவர் வருகிறார், குழந்தைகள் வார்டிலிருந்து.